நான்காவது ஆள்

கால்பந்து ரசிகன் வாரந்தோறும் இரண்டு ஆட்டங்களைப் பார்க்கிறான். ஒன்று மைதானத்தில் தொண்ணூறு நிமிடம் நடப்பது. மற்றது அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு, பதினொரு பெயர்கள் கொண்ட பட்டியல் வெளியானதும் அவன் தலைக்குள் நடப்பது. யாரை இறக்கியிருக்க வேண்டும், யாரை உட்கார வைத்திருக்க வேண்டும், காயம்பட்டவன் எப்போது திரும்புவான், திரும்பாவிட்டால் யாரை வாங்குவது. முதல் ஆட்டத்தில் என் அணி பலமுறை தோற்றிருக்கிறது. இரண்டாவது ஆட்டத்தில் நான் ஒருபோதும் தோற்றதில்லை என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன். அதில் ஒருமுறை நான் படுதோல்வி அடைந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன.

நான் லிவர்பூல் ரசிகன். 1998 உலகக் கோப்பையில், அர்ஜெண்டினாவுக்கு எதிராகப் பதினெட்டு வயது மைக்கேல் ஓவன் அடித்த அந்த கோலைப் பார்த்த இரவிலிருந்து. அடுத்த ஆண்டு ஏப்ரலில் லீட்ஸ் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த ஓவன் தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் நினைவில் வைத்திருக்கிறேன். அதன்பின் அவர் எத்தனையோ கோல்கள் அடித்தார். 2001இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். ஆனால் அந்தப் பழைய வேகம் தனக்குத் திரும்பவே இல்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். பத்தொன்பது வயதில் ஒருவனுடைய உடல் அவனைவிட்டுச் சற்று விலகிப்போவதைப் பார்த்துக்கொண்டுதான் என் ரசிக வாழ்க்கை தொடங்கியது. அதிலிருந்து நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

நான் சொல்ல வந்தது 2020-21 பருவத்தைப் பற்றி. முப்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின், 99 புள்ளிகளுடன் லிவர்பூல் லீக் பட்டம் வென்றிருந்த நேரம். அந்தக் கோடையில் டெயான் லோவ்ரென் ரஷ்யாவின் ஸெனித் அணிக்கு விற்கப்பட்டார். அவர் இருந்தது நான்காவது சென்டர் பேக்கின் இடம். எங்கள் ஊரில் அந்த இடத்தில் ஆடுபவனை ஸ்டாப்பர் என்போம். லோவ்ரென் போனபோது நான் மகிழ்ந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர் செய்த பிழைகளின் பட்டியல் என்னிடம் மனப்பாடமாக இருந்தது. வர்ஜில் வான் டைக், ஜோ கோமெஸ், ஜோயல் மாட்டிப் என்று மூவர் மீதமிருந்தார்கள். ஆடப்போவது இருவர். அவசரத்துக்கு நடுக்களத்திலிருந்து ஃபாபின்யோ இருக்கிறார். வேறென்ன வேண்டும்?

நான்காவது ஆளைக் கண்டுபிடிப்பதைப் போலக் கடினமான வேலை ஒரு கால்பந்துக் கழகத்தில் வேறில்லை என்று இப்போது தோன்றுகிறது. நல்ல ஆட்டக்காரன் நான்காவதாக இருக்கச் சம்மதிக்கமாட்டான். சம்மதிப்பவன் பெரும்பாலும் போதுமான அளவு நல்லவனாக இருக்கமாட்டான். இளைஞனைக் கொண்டுவந்தால் ஆடாமலேயே துருப்பிடித்துப்போவான். வயதானவனைக் கொண்டுவந்தால் கூப்பிடும் நாளில் அவனே காயத்தில் இருப்பான். ரசிகர்களாகிய நாம் ‘அணியில் ஆழம் வேண்டும்’ என்கிறோம். அந்த ஆழத்தில் ஒரு மனிதன் வாரக்கணக்கில் பயிற்சி மட்டும் செய்துகொண்டு, தன்னைவிடத் திறமையான நண்பனுக்கு ஏதும் நேர்ந்தால்தான் தனக்கு வாழ்வு என்ற தர்மசங்கடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆழம் என்ற இந்தக் கவலையே பிற்காலத்தியது. இதே லிவர்பூல், பில் ஷாங்க்லியின் கீழ் 1965-66இல் வெறும் 14 பேரை வைத்து லீக் பட்டம் வென்றது. ஆஸ்டன் வில்லா 1980-81இல் 42 ஆட்டங்களை அதே போல 14 பேரைக் கொண்டு ஆடி முடித்துப் பட்டம் வென்றது. ஷாங்க்லிக்குக் காயம் என்ற சொல்லே பிடிக்காது. காயம்பட்டவர்களிடம் அவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று அவரிடம் ஆடியவர்கள் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இங்கிலாந்து லீகில் 1965 ஆகஸ்டில்தான் வந்தது. அதுவும் முதலில் காயம்பட்டவருக்குப் பதிலாக ஒரே ஒருவர். அதற்கு மூன்று மாதங்கள் முன்பு, எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில், லிவர்பூலின் இடதுபுறத் தடுப்பாட்டக்காரர் ஜெரி பர்னின் காறை எலும்பு ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே முறிந்தது. அவருக்குப் பதில் இறங்க யாருக்கும் அனுமதியில்லை. முறிந்த எலும்பை எதிரணிக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு, கூடுதல் நேரமும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆடினார். முதல் கோலுக்குப் பந்தைக் கொடுத்தவரும் அவர்தான். லிவர்பூல் தன் வரலாற்றில் முதன்முறையாக அந்தக் கோப்பையை வென்றது. இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஏன் கலங்கியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

2020 அக்டோபர் 17, சனிக்கிழமை. எவர்ட்டனுடன் உள்ளூர்ப் போட்டி. நமக்கு மாலை ஐந்து மணி. சென்னையில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் பெருந்தொற்றால் அலுவலகம் மூடியிருந்ததால் அப்போது நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் இருந்தான். தேநீர்த் தம்ளரைக் கையில் எடுத்து முதல் மிடறு குடிப்பதற்குள், எவர்ட்டன் கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்ட் பாய்ந்து வந்து வான் டைக்கின் வலது காலை மடக்கினார். வான் டைக் ஆஃப்சைடில் நின்றிருந்தார் என்று கொடி உயர்ந்தது. பிக்ஃபோர்டுக்கு ஓர் அட்டைகூட இல்லை. மறுநாள் செய்தி வந்தது: முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை வேண்டும். அந்தப் பருவத்தில் அவர் அதன்பின் ஆடவில்லை. நவம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில், எவரும் மோதாமலேயே, கோமெஸின் முழங்கால் தசைநார் அறுந்தது. மாட்டிப் வருவதும் போவதுமாக இருந்து, ஜனவரி 28 அன்று டாட்டன்ஹாமில் கணுக்காலைப் பறிகொடுத்தார். மூவரும் போனார்கள். நான்காவது ஆள் ரஷ்யாவில் இருந்தார்.

இவ்வளவு காயங்கள் வெறும் துரதிர்ஷ்டமா என்று கேட்டால், பாதிதான் என்பேன். முந்தைய பருவம் ஜூலை இறுதி வரை இழுத்து, அடுத்தது செப்டம்பர் 12இலேயே தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள். பெருந்தொற்றை முன்னிட்டு ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை அனுமதித்த விதியை மற்றப் பெரிய லீகுகள் வைத்துக்கொள்ள, பிரீமியர் லீக் மட்டும் அந்தப் பருவத்தில் மூன்றுக்குத் திரும்பியது. பயிற்சியாளர் யூர்கன் க்ளோப் இதைப் பற்றித் தொலைக்காட்சி நிருபரிடமே சண்டை போட்டார். சாக்குச் சொல்கிறார் என்று எதிரணி ரசிகர்கள் சிரித்தார்கள். 2022-23இலிருந்து அந்த லீகும் ஐந்துக்கு வந்துவிட்டது; அன்று சிரித்தவர்கள் இன்று ஐந்தாவது மாற்றைத் தாமதமாகச் செய்ததற்காகத் தங்கள் பயிற்சியாளரைத் திட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

இங்கேதான் எனக்கும் மருமகனுக்கும் சண்டை தொடங்கியது.

வான் டைக் இல்லை, கோமெஸ் இல்லை. யாரை நிறுத்துவது? ஃபாபின்யோவை நிறுத்தலாம், அவருக்கு அந்த இடம் ஓரளவு பழக்கம். துணைக்கு அணித்தலைவர் ஜோர்டன் ஹெண்டர்சன் இருக்கிறார். இருவரும் உலகத் தரமான நடுக்களத்தார்கள், புத்திசாலிகள். நான் இதைத்தான் சொன்னேன். க்ளோப்பும் பல வாரங்கள் இதைத்தான் செய்தார் என்பதால் என் பெருமை கூடியது. மருமகன் வேறொரு பெயரைச் சொன்னான்: நாட் ஃபிலிப்ஸ்.

ஃபிலிப்ஸ் யார் என்று அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. போல்டன் நகரத்துக்காரர். போல்டன் கழகத்தின் இளைஞர் அணியில் வளர்ந்தவர். 2016இல் லிவர்பூலின் அழைப்பு வந்திராவிட்டால் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போயிருப்பார். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குக் கடனாக அனுப்பப்பட்டுத் திரும்பியவர். அந்த இலையுதிர்காலத்தில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களுக்கான பெயர்ப் பதிவில்கூட அவர் பெயர் இல்லை. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து அழகாக எடுத்துச் செல்லும் வான் டைக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஃபிலிப்ஸின் ஆட்டம் மரவேலைக்காரன் ஒருவன் நகைக்கடைக்குள் நுழைந்ததைப் போலிருந்தது. தலையால் முட்டுவார். உடலைக் குறுக்கே போடுவார். பந்தைக் காட்டுக்கு அடிப்பார். அவரோடு இன்னொருவர் ரீஸ் வில்லியம்ஸ். பத்தொன்பது வயது. முந்தைய பருவத்தை ஆறாம் நிலை லீகில், கிடர்மின்ஸ்டர் என்ற சிற்றூர் அணியில் கழித்தவர்.

“மாமா, அந்தத் தடியனுக்கு அந்த இடம் தெரியும். ஹெண்டர்சனுக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்” என்றான் மருமகன்.

“லேய் மக்கா, நீ பிறக்குறதுக்கு முன்னாலேயே நான் ஸ்டாப்பர் ஆடினவன். எனக்குச் சொல்லித் தராதே” என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு லிவர்பூல் முதலிடத்தில் இருந்தது என்பது இன்று பலருக்கு மறந்திருக்கும். பிறகுதான் சரிந்தது. ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்களாகத் தோல்வியே அறியாத அணி, ஜனவரி 21 அன்று பர்ன்லியிடம் தோற்றது. நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்குத் தொடங்கிய ஆட்டம். பிறகு பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்ட்டன், செல்சீ, ஃபுல்ஹாம். தொடர்ந்து ஆறு உள்ளூர்த் தோல்விகள், கழகத்தின் வரலாற்றில் அதற்குமுன் நடந்திராதது. காலி மைதானத்தில், பயிற்சியாளர்களின் கூச்சல் மட்டும் எதிரொலிக்க, அந்த ஆட்டங்களைப் பார்த்தது ஓர் இழவு வீட்டில் விழித்திருந்ததைப் போல இருந்தது.

நான் தடுப்பாட்டத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் அங்கே இல்லை. அந்த ஆறில் நான்கு ஆட்டங்களில் லிவர்பூல் வாங்கியது ஒரே ஒரு கோல்தான். அடித்ததுதான் பூஜ்யம். ஃபாபின்யோவும் ஹெண்டர்சனும் பின்னுக்குப் போனதால் நடுக்களம் அனாதையாகிவிட்டது. பந்தைப் பறிப்பவன் இல்லை. பறித்ததை முன்னே செலுத்துபவன் இல்லை. ஓடிவரும் எதிரியை முதல் வேலியில் நிறுத்துபவன் இல்லை. கூரையில் இரண்டு ஓடு உடைந்ததற்கு, நடுச் சுவரிலிருந்து செங்கல்லை உருவி அடைத்துவிட்டு, வீடு ஏன் ஆடுகிறது என்று அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெண்டர்சன் பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தபோதே, எவர்ட்டனுக்கு எதிராக, இடுப்புத் தசை கிழிந்து அவரும் வெளியேறினார். அந்தப் பருவத்தில் மறுபடி அவர் களமிறங்கவில்லை.

ஜனவரிச் சந்தையின் கடைசி நாளில் இருவர் வந்தார்கள். துருக்கியின் ஓசான் கபாக் கடனாக. பிரஸ்டன் அணியிலிருந்து பென் டேவிஸ் விலைக்கு. டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடாமலேயே 2022இல் வேறு கழகத்துக்குப் போனார். ஆள் வாங்கினால் ஆழம் வந்துவிடும் என்று பிப்ரவரியில் குதித்த என்னைப் போன்றவர்கள் அந்தப் பெயரை அவ்வப்போது சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஃபுல்ஹாமிடம் தோற்ற அன்று ஃபிலிப்ஸும் வில்லியம்ஸும்தான் நடுவில் நின்றார்கள். நான் மருமகனைப் பார்த்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அன்று தோல்வியின் வருத்தத்தைவிட அவனை வென்ற திருப்திதான் அதிகம் இருந்தது என்று நினைக்கும்போது இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஒரு பெயரைக் கேட்டவுடன் ஏன் அவ்வளவு வெறுப்பு? ஃபிலிப்ஸ் எனக்கு என்ன தீங்கு செய்தார்?

1996இல் நான் கல்லூரி அணியில் ஸ்டாப்பர். கடற்கரை ஊர்ப் பையன்கள் நிறைந்த அணி அது. சிறுவயது முதல் மணலில் ஓடி ஆடியவர்களுக்குப் புல்தரையில் ஓடுவது காற்றில் மிதப்பதைப் போல. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதிக்கு வந்திருந்தோம். காலிறுதியிலேயே என் வலது முழங்காலில் ஏதோ நேர்ந்திருந்தது. இரவில் தேங்காய் அளவுக்கு வீங்கியது. மாற்றுக்கு ஒருவன் இருந்தான். எனக்கு இரண்டு வகுப்பு இளையவன்; பதினான்காம் எண் சட்டை அவனுடையது. இரண்டு ஆண்டுகளாக எங்களோடு எல்லா ஊருக்கும் வந்தான், எல்லாப் பயிற்சிக்கும் வந்தான், எங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். ஆடியது மொத்தமாக ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம்.

அரையிறுதியன்று காலை, விடுதி அறையில் கதவைச் சாத்திவிட்டு நான் கால்மேஜோட்டுக்கு மேலே முழங்காலில் கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவன் கதவைத் திறந்துவிட்டான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அண்ணா, மாஸ்டர்ட்ட சொல்லட்டுமா?”

“சொன்னா உன்னைக் கொன்னுருவேன்” என்றேன்.

அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் ஆடியிருப்பான். தன் லாபத்துக்காகச் சொன்னான் என்று நான் ஊரெல்லாம் பேசியிருப்பேன். அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது பாதியில், யாரும் தொடாமல், திரும்பும்போது என் காலுக்குள் ஒரு சத்தம் கேட்டது. பச்சைக் குச்சியை முறிக்கும் சத்தம். அப்புறம் வர்ம ஆசான் ஒருவரிடம் எண்ணெய்க் கட்டு, நாற்பத்தொரு நாள் பத்தியம். பல ஆண்டுகள் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், ஜவ்வு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை என்றார். நான் பிறகு ஆடவேயில்லை.

ஜெரி பர்னின் கதையைப் படித்துக் கண் கலங்கியது இதனால்தான். அந்தக் கதையில் என்னைப் பார்த்துக்கொண்டேன். அங்கே பர்னுக்குப் பதிலாக இறங்க விதிப்படி யாரும் இல்லை, எனக்கோ கோட்டுக்கு வெளியே ஒருவன் சூடேற்றிக்கொண்டு நின்றிருந்தான் என்ற சின்ன வித்தியாசத்தை அந்தக் கண்ணீர் வசதியாக மறைத்துவிட்டது.

அரையிறுதியில் எஞ்சிய நேரத்தை அவன் ஆடினான், வென்றோம். இறுதி ஆட்டத்தை முழுவதும் அவன்தான் ஆடினான். 2-1 என்று தோற்றோம். கட்டிலில் கிடந்த நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்காத ஆட்டத்தைப் பற்றி இருபது வருடங்களுக்கு மேல் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வந்திருக்கிறேன்: “நான் இருந்திருந்தா அந்த ரெண்டாவது கோல் விழுந்திருக்காது.” கல்யாண வீடுகளில், பழைய மாணவர் கூட்டத்தில், அவன் பக்கத்திலேயே நின்ற ஒருமுறையும்.

மார்ச் 10 அன்று, பயணத் தடைகளால் புடாபெஸ்டில் வைத்து நடந்த லைப்சிக் ஆட்டத்தில், க்ளோப் ஃபாபின்யோவை நடுக்களத்துக்குத் திருப்பி அனுப்பினார். பின்னால் ஃபிலிப்ஸும் கபாக்கும். 2-0. செய்தது அவ்வளவுதான். ஃபிலிப்ஸ் திடீரென்று வான் டைக்காகிவிடவில்லை. அவருக்கு முன்னால் ஒரு வேலி வந்துவிட்டதால், தனக்குத் தெரிந்ததை மட்டும் செய்தால் போதும் என்றாயிற்று: வரும் பந்தை முட்டு, வரும் ஆளைத் தடு, கிடைத்ததைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடு. திறமை குறைந்தவன் தன் இடத்தில் நிற்பது, திறமை மிகுந்தவன் அடுத்தவன் இடத்தில் நிற்பதைவிட அணிக்கு நல்லது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதங்களும் ஆறு தோல்விகளும் தேவைப்பட்டன.

கடைசிப் பத்து லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு சமன். ஏப்ரல் இறுதியில் கபாக்கும் காயத்தால் வெளியேற, கடைசி ஐந்து ஆட்டங்களில் ஃபிலிப்ஸும் வில்லியம்ஸும் சேர்ந்து நின்றார்கள். ஐந்திலும் வெற்றி; அவற்றில் ஒன்று மான்செஸ்டர் யுனைட்டெடின் மைதானத்தில். பர்ன்லியில் ஃபிலிப்ஸ் தலையால் முட்டி ஒரு கோலும் போட்டார். அதற்கு முந்தைய ஆட்டம் மே 16, வெஸ்ட் பிராம். நம் ஊரில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த, முழு ஊரடங்கு போட்டிருந்த வாரம். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் தவிர வேறொன்றுமில்லை. இரவு பத்தே முக்கால் மணிக்கு மேல், காயங்களுக்கான கூடுதல் நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில், கோல்கீப்பர் அலிசன் எதிர்ப்பக்கம் ஓடிப்போய் கார்னர் பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். பிப்ரவரியில்தான் அவருடைய தந்தை பிரேசிலில் நீரில் மூழ்கி இறந்திருந்தார். அடக்கத்துக்குப் போக முடியாத மகன். அந்த கோலுக்குப் பின் அவர் அழுதபோது எங்கள் வீட்டில் யாரும் கூச்சலிடவில்லை. அதே மாதம் எங்கள் குடும்பத்திலும் ஓர் அடக்கத்துக்கு யாரும் போயிருக்கவில்லை.

69 புள்ளிகள், மூன்றாம் இடம். பட்டம் வென்ற 99ஐவிட இந்த 69 பெரிது என்று மருமகன் சொன்னான். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனாலும் அவனோடு வாதிடவில்லை.

ஃபிலிப்ஸுக்குப் பிறகு என்ன ஆயிற்று? வான் டைக் திரும்பி வந்தார், கோமெஸும் மாட்டிப்பும் திரும்பினார்கள், லைப்சிக்கிலிருந்து இப்ராஹிமா கொனாட்டே வந்தார். ஃபிலிப்ஸ் மறுபடி நான்காவது, ஐந்தாவது ஆளானார். போர்ன்மவுத், செல்டிக், கார்டிஃப், டெர்பி என்று கடனாகவே ஊர் ஊராகப் போனார். பிறர் காயப்பட்டிராவிட்டால் அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது; பிறர் குணமானதும் அவருக்கு இடமில்லை. இதில் அநீதி இருக்கிறதா என்று யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் படுகிறது. வான் டைக்கை உட்கார வைத்துவிட்டு ஃபிலிப்ஸை ஆட விடு என்று அவருடைய தாயார்கூடச் சொல்லியிருக்கமாட்டார். ஆனாலும் அநீதி இல்லாத ஒன்றுகூட ஒருவனுக்கு எவ்வளவு கனமாக இருக்கக்கூடும் என்பது வேறு விஷயம்.

இதை எழுதத் தூண்டியது 2025 ஜூலை 3. அன்று பிற்பகல் மருமகன் சென்னையிலிருந்து அழைத்தான். ஸ்பெயினில் கார் விபத்தில் டியோகோ ஜோட்டா தன் தம்பியோடு இறந்துவிட்டார் என்றான். வயது 28. நம்பவில்லை, தொலைக்காட்சியைப் போட்டுப் பார்த்தேன்.

ஜோட்டாவும் அந்த 2020-21 பருவத்தின் காயக் கணக்கில் உண்டு. வந்த சில வாரங்களிலேயே கோல்களாக அடித்துக் குவித்தவர், டிசம்பரில் டென்மார்க்கில், லிவர்பூல் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டதால் முடிவால் எந்தப் பயனுமில்லாத ஓர் ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு மூன்று மாதம் வெளியே இருந்தார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவதொன்று. கெண்டைக்கால், முழங்கால், தொடை, விலா. நானும் மருமகனும் அவருக்குக் ‘கண்ணாடி’ என்று பெயர் வைத்திருந்தோம். பட்டியல் வெளியாகும்போது, “கண்ணாடி இருக்கா?” என்று கேட்டுக்கொள்வோம். அவரை விற்றுவிட வேண்டும், முப்பது ஆட்டம் ஆடாதவனை நம்பி எப்படிப் பருவத்தைத் தொடங்குவது என்று அந்த ஏப்ரலில்கூட நான் ஒரு மணி நேரம் பேசினேன். அதே ஏப்ரலில் எவர்ட்டனுக்கு எதிராக ஒற்றை கோலை அடித்து வென்று கொடுத்தவர் அவர். அந்தப் பருவத்தின் பட்டம் லிவர்பூலுக்கு வந்தது. கழகம் அவருடைய இருபதாம் எண்ணை இனி எவருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது.

தொலைபேசியில் இருவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். “மாமா, நாம அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாது” என்றான் மருமகன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பழைய நண்பர் ஒருவரிடம் கேட்டுப் பதினான்காம் எண்காரனின் எண்ணை வாங்கினேன். இருபத்தொன்பது வருடங்களில் அவனை நானாக அழைப்பது முதன்முறை. வளைகுடாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி, ஐஸ் ஆலை ஒன்றில் கணக்குப் பார்ப்பதாகச் சொன்னான். குரலைக் கேட்டவுடன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். வீட்டு நலம், பிள்ளைகள், மழை. நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், “அந்த ஃபைனலைப் பத்தி உங்கிட்ட ஒண்ணு பேசணும்” என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை.

“அண்ணா” என்றான், “அந்த ரெண்டாவது கோல் எம்மேல இல்லண்ணா. பந்து நம்ம லெஃப்ட் பேக் கால்ல பட்டுத் திரும்பிச்சு. நீங்க பாக்கல.”

“தெரியும்” என்றேன். எனக்குத் தெரியாது.

“மாஸ்டரும் அதையேதான் சொன்னார். வேணும்னா நம்ம கோலியக் கேளுங்க.”

“கேக்க வேண்டாம். நான் அதுக்குக் கூப்பிடல.”

அவன் நம்பினானா என்று தெரியவில்லை. பின்னால் ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “அண்ணா, முட்டு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டான். படி இறங்கும்போது மட்டும் கொஞ்சம் வலிக்கும் என்றேன்.